வாரம் ஒரு இரவு, வானத்துக்கென்று ஒரு நெட்

"இந்த அலைவெண்ணில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று ஒரு குரல் கேட்கும். இரண்டு மூன்று விநாடி பதில் வராது. குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரின் வால், அதாவது கடைசி இரைச்சல் மட்டும் 'கிஷ்' என்று இழுத்து அடங்கும். மறுபடி அதே கேள்வி. அதற்கும் பதில் இல்லையென்றால், "சரி, நெட் ஆரம்பிக்கிறது, இன்றைக்கு நான்தான் நெட் கன்ட்ரோல்" என்று சொல்லிவிட்டு, உரிமத்தோடு தனக்குக் கிடைத்த அழைப்புக் குறியை எழுத்து எழுத்தாகச் சொல்வார். உடனே ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். ஒருவர் வீட்டுக்குள் பெரிய வானொலி செட்டின் முன்னால் இருப்பார். ஒருவர் காரில். இன்னொருவர் ஹேண்டி எனும் கையடக்க செட்டோடு இருட்டில், தொலைநோக்கிக்குப் பக்கத்தில். அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு சனிக் கோளின் வளையம், சூரியப் புள்ளி, இன்றிரவு தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோள் என்று போகும்.

உரிமம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள் ஹாம்கள். அவர்களின் கிளப் வானொலியிலேயே கூடிப் பேசும் கூட்டம் நெட். ஹாம் கிளப் நடத்தும் விண்வெளி நெட் என்பது இதுதான். இதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: படமே காட்ட முடியாத இடத்தில் வானியலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நியாயமான கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாள் உட்கார்ந்து கேட்ட பிறகு எனக்குப் பிடிபட்டது இது: இவர்கள் பேசும் விஷயமும் பேசப் பயன்படுத்தும் கருவியும் கிட்டத்தட்ட ஒன்றேதான். கையில் இருக்கும் செட்டே ஒரு வானியல் கருவி. பல ஹாம்களுக்கே இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

முதலில் நெட் என்ற சொல். இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைவிட மூத்த சொல். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோன காலத்தின் பழக்கம் அது. 1914-இல் அமெரிக்காவில் ஹைரம் பெர்சி மாக்ஸிம் முன்னின்று தொடங்கிய ஹாம் சங்கத்தின் பெயரிலேயே 'ரிலே' என்ற சொல் உண்டு. அன்றைக்கு ஒரு செட்டின் குரல் அதிக தூரம் போகாது, அதனால் சங்கிலியாகத்தான் அனுப்ப வேண்டும். சங்கிலி என்று வந்துவிட்டால் யார் எப்போது பேசுவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நெட் கன்ட்ரோல்.

இன்றைக்கும் அந்த ஆள் இல்லாமல் முடியாது. தொலைபேசியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் அரைகுறையாக இரண்டும் காதில் விழும். ஹாம் செட்டில் பேசும் பொத்தானை அழுத்திவிட்டால் உங்களுக்கு எதுவுமே கேட்காது. எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் வலுவான சிக்னல் மட்டும் மேலே வரும், இல்லையென்றால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். 'டபுள் ஆகிவிட்டது' என்பார்கள். அதனால் நெட் கன்ட்ரோல் ஒரு தாளில் வரிசையாகக் குறிகளை எழுதிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போல ஒவ்வொருவராக அழைப்பார். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். அவசர உதவி கேட்டு யாராவது காத்திருந்தால் அந்த இடைவெளியில்தான் அவர் நுழைய முடியும். வாராவாரம் செவ்வாய் கிரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இந்த ஒழுங்கு கைக்குப் பழகிவிடுகிறது. புயல் வெள்ள நாளில் இதே ஆட்கள் இதே ஒழுங்கோடு செய்தி அனுப்புவார்கள். கிளப்புகள் இந்த மாதிரி நெட்டுகளை விடாமல் நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கட்டுப்பாடு ரிப்பீட்டரிலிருந்து வருகிறது. உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் அலைவெண்ணில் கேட்டு இன்னொன்றில் திருப்பி அனுப்பும் பெட்டி அது. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் குறிப்பிட்ட நேரத்தில், பெரும்பாலும் மூன்று நிமிடம் போல, தானே வாயை அடைத்துவிடும். ஆக, ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தாலும் சரி, மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிட்டுப் பொத்தானை விட வேண்டும். பேராசிரியர்களுக்கும் இதே விதிதான்.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. ஹாம் அலைவரிசையில் பொதுமக்களுக்கு ஒலிபரப்பு நடத்தக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. பேச்சு இருவழியாக இருக்க வேண்டும். (அமெரிக்க விதிகளில் மட்டும் வேடிக்கையான ஒரு விலக்கு உண்டு. மனிதர் பயணிக்கும் விண்கலத்துக்கும் தரை நிலையத்துக்கும் நடக்கும் பேச்சை, நாசாவின் அனுமதியோடு, ஹாம்கள் மறு ஒலிபரப்பு செய்யலாம். அதில் தற்செயலாகப் பாட்டு வந்தாலும் பரவாயில்லை.) அதனால் விண்வெளி நெட்டை ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் சொற்பொழிவாக நடத்த முடியாது. நடத்தவும் கூடாது என்பது என் கட்சி. சில நெட்டுகளில் கன்ட்ரோல் அன்றைய விண்வெளிச் செய்திகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போவார். எல்லோரும் காலையிலேயே படித்த செய்திதான். பத்தாவது நிமிடத்தில் தாளில் உள்ள குறிகளில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். மாறாக, "நேற்று நீங்கள் என்ன பார்த்தீர்கள், உங்கள் செட்டில் என்ன கேட்டது" என்று தொடங்கும் நெட் வேறு ரகம்.

காதுக்குச் சொல்லும் வானம்

படம் இல்லாத குறையைச் சமாளிக்க இவர்கள் வைத்திருக்கும் வழிகள் எல்லாம் பழைய வழிகள். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சுண்டு விரல் நகம் 1 டிகிரி. முழு நிலா அதில் பாதிதான், அரை டிகிரி. சிறுவர்களுக்குக் கை சிறியது, ஆனால் நீட்டும் தூரமும் குறைவு, அதனால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். "மேற்கே அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் கருவி வேண்டாம்.

ஒரு நட்சத்திரத்தைக் காட்ட இன்னொரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரியன் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றும் யார் கண்ணிலும் படும். அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், மறுபக்கம் நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி, இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொத்தாகக் கார்த்திகை. இதைச் சொல்லும்போது 'இடது, வலது, மேலே, கீழே' என்ற சொற்களை அனுபவசாலிகள் தவிர்ப்பார்கள். காரணம், ரிப்பீட்டர்களை இணையத்தின் வழியாக இணைக்கும் ஐ.ஆர்.எல்.பி., எக்கோலிங்க் போன்ற ஏற்பாடுகள் வந்த பிறகு ஒரே நெட்டில் பூமியின் வடபாதியிலிருந்தும் தென்பாதியிலிருந்தும் ஆள் இருப்பார்கள். தெற்கே ரொம்பத் தள்ளி இருப்பவருக்கு ஓரியன் தலைகீழாக நிற்கிறான். வளர்பிறை நிலாவுக்கு வடக்கே இருப்பவர் வலப் பக்கம் ஒளி என்பார், தெற்கே இருப்பவர் இடப் பக்கம் என்பார், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் "எனக்குத் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கிறதே" என்பார். மூன்று பேரும் சரி. உலகம் உருண்டை என்பதைப் புத்தகத்தில் படித்ததைவிட இந்த மாதிரிச் சண்டையில்தான் நான் நன்றாக உணர்ந்தேன். "சிரியஸ் இருக்கும் பக்கமாக" என்று சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது.

இருட்டில் நிற்பவருக்குக் குரல் வேறொரு விதத்திலும் தோது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைபேசித் திரையை ஒரு நொடி பார்த்தால் பழகியதெல்லாம் போச்சு. ஹேண்டியின் சின்னத் திரைவிளக்கை அணைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டால், கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே யாரோ ஒருவர் சொல்லச் சொல்லத் தேடலாம். மங்கலான ஒரு வால்நட்சத்திரத்தை நான் முதலில் பிடித்தது அப்படித்தான். எனக்கு வழி சொன்னவர் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை, அழைப்புக் குறி மட்டும்தான் தெரியும்.

நேரம் சொல்வதில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். ஹாம்கள் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் குறிப்பெழுதுவார்கள், வானியல் அட்டவணைகளும் அதில்தான் இருக்கும். ஒருமுறை சர்வதேச விண்வெளி நிலையம் எப்போது கடக்கும் என்று கேட்டதற்கு, அட்டவணையில் இருந்த யு.டி.சி. நேரத்தை உள்ளூர் நேரம் என்று நினைத்து வாசித்துவிட்டேன். மூன்று பேர் வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் நெட் கன்ட்ரோல் என்னை வரவேற்ற விதத்தை இங்கே எழுத வேண்டாம்.

கொல்லைப்புறத்துக் கிண்ணம்

செட்டே வானியல் கருவி என்று சொன்னேனே, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் வரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில் காரின் சக்கரங்கள் மேல் சுற்றும் ஒரு பெரிய ஆன்டெனாவைக் கட்டி, 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். இடிமின்னல் இரைச்சல் போக, மெல்லிய ஒரு சீறல் மிச்சம் இருந்தது. அது 24 மணிக்கு ஒருமுறை வராமல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. சூரியனிலிருந்து வந்தால் 24 மணி இருக்க வேண்டும். நட்சத்திரங்கள்தான் நாளுக்கு நாலு நிமிடம் முந்தி உதிக்கும். தனுசு ராசிப் பக்கம், பால்வழியின் நடுப்பகுதியிலிருந்து வரும் ஒலி அது என்று 1933-இல் வெளியிட்டார். நிறுவனத்துக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது, அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதைப் பிடித்துக்கொண்டவர் ஒரு ஹாம். குரோட் ரீபர், அழைப்புக் குறி டபிள்யூ9ஜிஎஃப்இசட். தொழில்முறை வானியலாளர்கள் யாரும் அக்கறை காட்டாததால் 1937-இல் இல்லினாய் மாநிலத்தில் வீட்டன் என்ற ஊரில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, சொந்தக் காசில் ஒன்பதரை மீட்டர் அகலக் கிண்ண ஆன்டெனா ஒன்றைக் கட்டினார். மரச் சட்டம், மேலே தகரம். சூடான பொருள் அதிக அலைவெண்ணில் அதிகம் ஒளிரும் என்பது அன்றைய கணக்கு, அதனால் முதலில் 3,300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். ஒன்றும் இல்லை. 900-இல் கேட்டார், அதிலும் இல்லை. செட்டை மறுபடி பிரித்துக் கட்டி 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிய பிறகுதான் பால்வழி கேட்டது. இரண்டு தோல்வியும் வீண் போகவில்லை. பால்வழியின் ஒலி வெறும் வெப்பத்தால் வருவதில்லை என்பதை அவைதான் முதலில் காட்டிக்கொடுத்தன. கார் எஞ்சின்களின் பொறி இரைச்சல் தொல்லை கொடுக்கும் என்பதால் தெரு அடங்கிய பிறகு நடுராத்திரியில் உட்கார்ந்து அளப்பார். உலகத்தில் கிண்ண ஆன்டெனா வைத்து வானத்தை அளந்துகொண்டிருந்தவர் பல ஆண்டுகளுக்கு அவர் ஒருவர்தான். 1944-இல் வானத்தின் வானொலி வரைபடத்தை வெளியிட்டார். அந்தக் கிண்ணம் இன்றைக்கு மேற்கு வர்ஜினியாவில் கிரீன் பேங்க் ஆய்வகத்து வளாகத்தில் நிற்கிறது.

அவர் பிடித்த 160 மெகாஹெர்ட்ஸுக்கும், பெரும்பாலான கிளப் நெட்டுகள் நடக்கும் 2 மீட்டர் அலைவரிசையின் 145 மெகாஹெர்ட்ஸுக்கும் அதிக தூரமில்லை. பால்வழியின் அந்தச் சீறல் நம் செட்டிலும் இருக்கிறது, மற்ற இரைச்சலோடு கலந்து.

1957 அக்டோபர் 4-இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏறியபோது அதன் 'பீப்' ஒலியை 20.005 மெகாஹெர்ட்ஸில் வைத்தார்கள். 20 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்க நேரக்குறி நிலையம் இருந்தது, எந்த ஹாமும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய்விடுவார். அதற்குப் பக்கத்திலேயே ஸ்புட்னிக். நான்கு ஆண்டு கழித்து, 1961 டிசம்பர் 12-இல், ஹாம்கள் தாங்களே கட்டிய ஆஸ்கார்-1 செயற்கைக்கோள் மேலே போனது. பெரிய செயற்கைக்கோளுக்கு எடைச் சமநிலைக்காக வைக்கும் பாரத்துக்குப் பதிலாக ஏறிய பயணி அது. எடை நாலரைக் கிலோ. மோர்ஸ் தந்திக் குறியில் 'ஹெச்.ஐ.' என்று திரும்பத் திரும்ப அனுப்பியது, ஹாம் பாஷையில் அது சிரிப்பு. அந்தச் சிரிப்பின் வேகம் கோளின் உள்ளே இருந்த வெப்பத்தைப் பொறுத்து மாறும். ஆக, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து ஹெச்.ஐ.-க்கு எத்தனை விநாடி என்று எண்ணினாலே கோளுக்குள் எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். மூன்று வாரம் போல அது சிரித்தது, 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

1983-இல் கொலம்பியா விண்கலத்தில் சென்ற ஓவன் காரியட் ஒரு ஹேண்டியைக் கொண்டுபோய்ப் பூமியோடு பேசினார். மனிதர் விண்வெளியிலிருந்து ஹாம் வானொலியில் பேசியது அதுதான் முதல் தடவை. அவரோடு பேசியவர்களில் ஜோர்டான் அரசர் ஹுசேனும் ஒருவர், ஜேஒய்1 என்ற குறியில். அரசரானாலும் வரிசையில் நின்றுதான் கூப்பிட வேண்டும்.

சூரியன் கையெழுத்துப் போட்டால்தான் நெட்

நெட்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்ளும் பகுதி சூரிய அறிக்கை. "ஃப்ளக்ஸ் 150, ஏ 8, கே 2" என்று ஒருவர் வாசிப்பார். புதிதாக வந்தவருக்கு ஏதோ ரகசியக் குறி போல இருக்கும். ஃப்ளக்ஸ் என்பது சூரியன் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு இரைகிறது என்பதன் அளவு. ஆர்தர் கவிங்டன் தொடங்கிவைத்து 1947-லிருந்து கனடாவில் நாள் தவறாமல் அளக்கிறார்கள், இப்போது பெண்டிக்டன் என்ற இடத்தில். சூரியன் தூங்கும் காலத்தில் 70-க்குப் பக்கத்தில் இருக்கும், விழித்திருக்கும்போது 200-ஐத் தாண்டும். கே என்பது பூமியின் காந்தப் புலம் கடந்த மூன்று மணி நேரத்தில் எவ்வளவு ஆடியது என்பது, 0 முதல் 9 வரை. ஏ, அதே ஆட்டத்தின் நாள் சராசரி.

இது ஹாமுக்கு ஏன் முக்கியம் என்றால், சிற்றலையில் தூரத்துப் பேச்சு வானத்தை நம்பித்தான் நடக்கிறது. சூரியனின் புறஊதா ஒளி மேல் காற்றை அயனியாக்கி வைத்திருப்பதால் நம் சிக்னல் அதில் பட்டு வளைந்து திரும்பி வருகிறது. ஃப்ளக்ஸ் ஏறினால் அந்தக் கூரை வலுவாகும். ஆனால் அதே சூரியன் கையை ஓங்கவும் செய்யும். ஒரு பெரிய சுடர்வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் ஒளியோடு ஒளியாக எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் வந்து சேர்ந்து, கீழ் அடுக்கை ஒரேயடியாக அயனியாக்கிவிடும். பகல் பக்கத்தில் சிற்றலை எல்லாம் விழுங்கப்பட்டுவிடும். நல்ல உரத்துக் கேட்டுக்கொண்டிருந்த நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கும். செட் பழுதாகிவிட்டதோ என்று ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிப் பார்க்காத ஹாம் இல்லை.

சூரியன் தன் பிளாஸ்மாவையே, அதாவது மின்னேற்றத் துகள் கூட்டத்தையே, அள்ளி வீசினால் அது வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் போல ஆகும், அதனால் நெட்டில் முன்கூட்டியே சொல்ல முடியும். 2024 மே 10, 11-இல் வந்த புயலில் கே உச்சமான 9-ஐத் தொட்டது. துருவங்களுக்கு வெகு தூரத்திலும் வானம் சிவந்தது. வழக்கமாகப் பேசும் சிற்றலைப் பாதைகள் செத்துக் கிடக்க, துருவ ஒளியின் திரையிலேயே 2 மீட்டர் சிக்னலைப் பட்டுத் தெறிக்கவிட்டவர்கள் உண்டு. தெறித்து வரும் குரல் பேய் கரகரப்பது போல இருக்கும், மோர்ஸ் என்றால் 'டிட் டா' இல்லாமல் 'ஷ் ஷ்' என்று கேட்கும்.

இப்போதைய 25-ஆவது சூரியச் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. 2024-இல் உச்சத்தை எட்டியது. சுழற்சி ஒன்று சுமார் 11 ஆண்டு. முப்பது வருஷமாகச் செட்டின் முன் உட்கார்ந்தவர் மூன்று சுழற்சியைக் காதால் பார்த்தவர்.

சூரிய கிரகணம் வந்தால் ஒரு படி மேலே. நிழல் கடந்து போகும் பாதையில் கொஞ்ச நேரம் கீழ் அடுக்கு இரவு வந்துவிட்டது என்று நினைத்துக் கலையும், பகலில் எட்டாத தாழ்ந்த அலைவரிசைகள் உயிர் பெறும். 2017-இலும் 2024-இலும் வட அமெரிக்கக் கிரகணங்களின்போது ஹாம்சை என்ற அமைப்பு ஹாம்களை வேண்டுமென்றே நிறையப் பேசச் சொல்லி, யார் யாருக்கு எப்போது கேட்டது என்ற பதிவுகளை அயனி மண்டல ஆராய்ச்சிக்காகச் சேர்த்தது. அன்றைக்கு அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைவிட, பேச்சு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் தரவு.

எரிகல் இரவுகளும் இப்படித்தான். எரிகல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரியும்போது அதன் பாதை ஒரு நொடி, சில சமயம் பல நொடி அயனிக் கம்பி போல நிற்கும், நம் சிக்னல் அதில் பட்டுத் திரும்பும். உரிமம் இல்லாதவரும் இதைக் கேட்கலாம். சாதாரண எஃப்.எம். ரேடியோவில், உள்ளூர் நிலையம் எதுவும் இல்லாத, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் நிலையம் இருக்கும் ஓர் அலைவெண்ணில் வைத்துவிட்டு, டிசம்பர் 14-ஐ ஒட்டிய ஜெமினிட் எரிகல் மழை இரவில் சும்மா இருந்தால் போதும். இரைச்சலுக்கு நடுவே திடீரென்று அரைச் சொல், ஒரு துண்டுப் பாட்டு வந்து மறையும். மேகம் மூடியிருந்தாலும் கேட்கும். பகலிலும் கேட்கும். பகலில் விழும் எரிகல் மழைகளை 1947-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் குழு ராடாரால்தான் கண்டுபிடித்தது.

அந்த ஒரு நொடிக்குள் இரு பக்கமும் குறி பரிமாறிக்கொள்ளும் மென்பொருளை எழுதியவர் ஜோ டெய்லர், கே1ஜேடி. 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து, இன்னொரு நட்சத்திரத்தோடு ஜோடியாகச் சுற்றும் பல்சாரை (சீரான துடிப்பாக வானொலி அலை வீசும் நட்சத்திரம் அது) முதன்முதலில் கண்டுபிடித்து, அதற்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். பல்சாரின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த கை, ஹாம்களின் மெல்லிய சிக்னலுக்கும் அதே வேலையைச் செய்து கொடுத்தது. நிலாவில் மோதித் திரும்பும் சிக்னலையும் அவர் மென்பொருள் பிடிக்கும். போக வர இரண்டரை விநாடி. நிலாவிலிருந்து தன் குரலே திரும்பி வரக் கேட்டவர்கள் நெட்டில் பேசும்போது ஒரு மிதப்பு இருக்கத்தான் செய்யும், மன்னித்துவிடலாம்.

தொழில்முறையினர் தவறவிட்டதை இவர்கள் பிடித்துக் கொடுத்ததும் உண்டு. நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள் 2005 டிசம்பரில் பேச்சை நிறுத்தியது, கைவிட்டுவிட்டார்கள். 2018 ஜனவரியில் ஸ்காட் டில்லி என்ற கனடா நாட்டு ஆர்வலர் வேறொரு ரகசியச் செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது இமேஜின் சிக்னல் சிக்கியது. அது நிஜம்தான் என்று நாசாவும் உறுதிசெய்தது. 2024 டிசம்பரில் நெதர்லாந்தில் டிவிங்கலோ என்ற இடத்து 25 மீட்டர் கிண்ணத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள், வெகு தொலைவு போய்விட்ட நாசா விண்கலமான வாயேஜர்-1-இன் சிக்னலையே பிடித்தார்கள். 1956-இல் கட்டிய கிண்ணம் அது. சிக்னல் கிளம்பி 23 மணி நேரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

நெட்டின் நடுவில் ஒரு நிறுத்தம்

நல்ல கன்ட்ரோல் ஒருவர் செய்யும் காரியம் ஒன்றைச் சொல்கிறேன். விண்வெளி நிலையம் கடக்கும் நேரம் நெட்டின் நடுவில் விழுந்தால், "பத்து நிமிடம் நிறுத்துகிறேன், எல்லோரும் வெளியே போங்கள்" என்று விட்டுவிடுவார். செட்டை 145.800 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டு போகச் சொல்வார். நிலையம் நம்மை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் மூன்று கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஏறிக் கேட்கும், தாண்டிப் போகும்போது அதே அளவு இறங்கும். ரயில் கடக்கும்போது ஹாரன் இறங்குமே, அதுதான். சில நாட்களில் மேலிருந்து படம் அனுப்புவார்கள், எஸ்.எஸ்.டி.வி. என்பது அதன் பெயர். காதுக்குப் பறவைக் கூச்சல் போல இருக்கும். ஹேண்டியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், அதற்கான செயலி உள்ள கைபேசியை வைத்தால் இரண்டு நிமிடத்தில் வரி வரியாக ஒரு படம் இறங்கும். படமே காட்ட முடியாது என்று சொன்னேனே, அதை இந்த இடத்தில் திருத்திக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததும் ஒவ்வொருவராக அறிக்கை. இரவு தொடங்கும் நேரத்துக் கடவுகளில் நிலையம் பாதி வானத்திலேயே பூமியின் நிழலுக்குள் புகுந்து மறைந்துவிடும். மறையும் கணம் எல்லோருக்கும் ஒன்று, மறையும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் சொல்வார், "எனக்கு உச்சந்தலைக்கு மேல் வந்ததும் அணைந்துவிட்டது." இணைப்பு ரிப்பீட்டர் வழியாக 300 கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவர் சொல்வார், "எனக்குக் கிழக்கே, அஞ்சு முஷ்டி உயரத்தில், கொஞ்சம் கூடவே இருக்கும்." கன்ட்ரோல் இரண்டையும் தாளில் எழுதிக்கொள்வார். ஐந்து முஷ்டிக்குக் கொஞ்சம் கூட என்றால் 52 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 52 டிகிரியின் டேன் மதிப்பான 1.28-ஆல் பெருக்கினால் 384 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதையும் கணக்கில் சேர்த்தால் 400-ஐத் தாண்டும். நிலையம் நிஜமாகவே பறப்பது ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். இரண்டு முஷ்டி, இரண்டு செட், ஒரு தாள்.

"சரி, பட்டியலில் விட்டுப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கன்ட்ரோல் கேட்பார். தாமதமாக வந்த ஒருவர் தன் குறியைச் சொல்லி, தனக்கு முழு மேகம், எதுவுமே தெரியவில்லை, ஆனால் 145.800-இல் நன்றாகக் கேட்டது என்பார். அதையும் எழுதிக்கொண்டு, அலைவெண்ணைப் பொது உபயோகத்துக்கு விட்டுவிட்டு, எல்லோருக்கும் செவன்ட்டி த்ரீ சொல்வார், ஹாம் பாஷையில் அது விடைபெறும் வாழ்த்து. ரிப்பீட்டரின் வால் இழுத்து அடங்கும்.